நெஞ்செலும்பை எடுத்த பிறகு: எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவுக்கு நெஞ்செலும்பை எடுத்து, அந்த இடத்தைச் சதையால் மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவில் ஆரம்பித்து தாரமங்கலத்து அத்தை வரைக்கும் எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். இப்போது இதே ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் வீடுகளிலிருந்தும் யார் மூலமாவது நம்பர் வாங்கிக் கூப்பிடுகிறார்கள். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, கணக்கு எழுதுகிற வேலை. ஆஸ்பத்திரியில் ஐம்பது நாள் பக்கத்தில் இருந்ததும், டாக்டர்களை நச்சரித்துக் கேட்டதும், அப்புறம் படித்ததும்தான் இதில் இருக்கிறது. மருந்து மாத்திரை விஷயத்துக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான்.

நெஞ்செலும்பு என்றால் எது? விலா எலும்பா?

இல்லை. தொண்டைக்குழியில் விரலை வைத்து நேராகக் கீழே இழுத்துக்கொண்டே வாருங்கள், கெட்டியாகத் தட்டுப்படுவது அதுதான். பெரியவர்களுக்குச் சுமார் 15 முதல் 17 சென்டிமீட்டர் நீளம், ஒரு சாண் கூட வராது. மேலே அகலமாக ஒரு துண்டு, அதில்தான் இரண்டு பக்கமும் காறையெலும்பு வந்து மாட்டுகிறது. நடுவில் நீளமாக ஒன்று, அடியில் குட்டியாக ஒரு நுனி. மேலிருந்து ஏழு ஜோடி விலா எலும்புகள் குருத்தெலும்பு மூலமாக இதில் வந்து சேர்கின்றன. அதற்கு நேர் பின்னால் இதயம்.

இவ்வளவு முக்கியமான எலும்பை ஏன் எடுக்கிறார்கள்?

பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, பைபாஸோ வால்வு ஆபரேஷனோ செய்தபோது நடுவில் அறுத்த எலும்பு கூடாமல் சீழ் பிடித்து அழுகிவிடுவது. இதயத்தை எட்ட நெஞ்செலும்பை நீளவாக்கில் ரம்பத்தால் பிளப்பார்கள், முடிந்ததும் ஸ்டீல் கம்பியால் முறுக்கிக் கட்டுவார்கள். நூறு பேரில் ஒன்றிலிருந்து மூன்று பேருக்குள் அந்த இடத்தில் ஆழமாகக் கிருமி போய்விடுகிறது. சுகர், உடல் பருமன், பீடி சிகரெட், நாள்பட்ட இருமல் இருப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். அப்பாவுக்கு இதில் மூன்று இருந்தது.

இரண்டாவது கட்டி. நெஞ்செலும்பிலேயே தோன்றும் புற்றுநோய்களில் குருத்தெலும்பிலிருந்து வரும் காண்ட்ரோசார்கோமாதான் அதிகம். அதற்குக் கீமோவும் கரண்டும் (கதிர்வீச்சு) அவ்வளவாகக் கேட்காது, வெட்டி எடுப்பதுதான் வழி. மார்பகம், தைராய்டு, சிறுநீரகம் இங்கிருந்து பரவி வருவதும் உண்டு. பழைய கரண்ட் சிகிச்சையால் எலும்பு செத்துப்போனவர்களும் இருக்கிறார்கள். அபூர்வமாக டிபி நெஞ்செலும்பில் வரும். அது பெரும்பாலும் மாத்திரையிலேயே ஆறிவிடும் என்பதால், சீழைப் பார்த்ததும் எலும்பை எடுக்கணும் என்று யாராவது சொன்னால் டிபிக்குச் சோதித்தாயிற்றா என்று கேளுங்கள்.

தையல் போட்ட இடத்தில் லேசாக நீர் வருகிறது. சாதாரணம்தானே?

இதற்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் கோட்டை விட்டது இங்கேதான்.

பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்து நாலாவது நாள், அப்பாவின் வெள்ளை பனியனில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கறை, மஞ்சளும் பழுப்புமாக. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கு (பெயர் வேண்டாம்) போன் போட்டேன். "மேல் தையல்ல கசியும்மா, பக்கத்துல டிரெஸ்ஸிங் பண்ணிக்குங்க" என்றார்கள். ஒன்பது நாள் தெருமுனை கிளினிக்கில் டிரெஸ்ஸிங் பண்ணினோம். பத்தாவது நாள் இருமும்போது அப்பா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "பாப்பா, உள்ளே ஏதோ டக்குனு நகருது" என்றார். நான் கை வைத்துப் பார்த்தேன். பழைய மரக்கதவின் இரண்டு பலகை ஒன்றோடொன்று உரசுவது போல இருந்தது. கம்பி எலும்பை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது, எலும்பு இரண்டாகப் பிரிந்து ஆடுகிறது என்று ஸ்கேனில் தெரிந்தது.

ஆகையால் நீர், சீழ், ஆறிக்கொண்டிருந்த இடம் மறுபடி சிவப்பது, குறைந்த வலி திரும்ப ஏறுவது, காய்ச்சல், சுகர் காரணமில்லாமல் எகிறுவது, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த 'டக்' சத்தம், இதில் ஒன்று இருந்தாலும் ஆபரேஷன் செய்த சர்ஜனே நேரில் பார்க்க வேண்டும். போனில் சொல்லும் ஆறுதல் போதாது. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வாரத்தில், அதாவது வீட்டுக்கு வந்த பிறகுதான் இது தலைகாட்டும். சீக்கிரம் பிடித்தால் சுத்தம் செய்து திரும்பக் கம்பி கட்டியே காப்பாற்றிவிடுகிற எலும்புகள் நிறைய. நாங்கள் போகும்போது எங்களுக்கு அந்த வாய்ப்பு தாண்டிவிட்டிருந்தது.

எலும்பை எடுத்துவிட்டு எலும்பே வைக்கவில்லையே, ஏமாற்றிவிட்டார்களா?

பெரியப்பா இதைத்தான் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று சத்தமாகக் கேட்டார். "இவ்வளவு காசு வாங்கிட்டு ஒரு தகடாவது வெச்சிருக்க வேண்டாமா?"

அழுகின எலும்பை எடுத்த இடம் கிருமி இருந்த இடம். அங்கே தகடு, வலை, சிமென்ட் என்று உயிரில்லாத எதை வைத்தாலும் மிச்சமிருக்கும் கிருமி அதன் மேல் போய்ப் படலமாக ஒட்டிக்கொள்ளும். ஆன்டிபயாட்டிக் ரத்தம் வழியாகத்தான் போகும், தகட்டுக்குள் ஏது ரத்தம்? அந்தக் குழிக்கு வேண்டியது நல்ல ரத்த ஓட்டமுள்ள உயிருள்ள சதை. அது குழியை அடைக்கும், மருந்தைக் கொண்டுவரும், கிருமியோடு சண்டை போடும். அமெரிக்காவில் அட்லாண்டாவில் ஜுர்கீவிச் என்ற பிளாஸ்டிக் சர்ஜனும் அவர் குழுவும் 1980-இல் சதையால் மூடும் இந்த முறையை எழுதிய பிறகுதான் இது உலகம் முழுக்கப் பரவியது. அதற்கு முன் திறந்த புண்ணாக விட்டோ, குழாய் வைத்துக் கழுவிக் கழுவியோ போராடினார்கள், நிறைய பேர் பிழைக்கவில்லை.

நாள்பட்ட சீழால் சுற்றியுள்ள இடமெல்லாம் ஏற்கெனவே தழும்பாகி இறுகியிருக்கும், அதுவே விலா எலும்புகளைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும் என்று எங்கள் சர்ஜன் சொன்னார். கட்டிக்காக எடுத்தால் கதை வேறு, கீழே சொல்கிறேன்.

அதென்ன நெஞ்சில் பஞ்சு வைத்து மெஷின் மாட்டியிருக்கிறார்கள்?

வேக் மெஷின். புண்ணுக்குள் கறுப்பு ஸ்பாஞ்சை அளவாக வெட்டி வைத்து, மேலே காற்றுப் புகாதபடி பிளாஸ்டிக் தாள் ஒட்டி, குழாய் வழியாக மெஷின் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வழக்கமாக 125 மில்லிமீட்டர் பாதரச அளவு (பிரஷர் பார்க்கும் அதே அளவை) உறிஞ்சல். சீழ் வெளியே வரும், புதுச் சதை சிவப்பாகத் துளிர்க்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஸ்பாஞ்ச் மாற்றுவார்கள். இதயத்தின் மேல் ஸ்பாஞ்ச் நேரடியாகப் படாமல் நடுவில் ஒரு தடுப்பு வைப்பார்கள், அது ரொம்ப முக்கியம். டப்பாவில் திடீரெனப் புது ரத்தமாக நிறைந்தால் உடனே நர்ஸைக் கத்திக் கூப்பிடுங்கள், வெட்கம் பார்க்க வேண்டாம்.

அப்பாவுக்குப் பதினாறு நாள் ஓடியது. இரவில் அது 'க்ர்ர்' என்று இழுக்கும் சத்தம் விசைத்தறி ஓடுவது மாதிரி இருக்கிறதாம், தறி ஓட்டுகிறவர் என்பதால்தான் அந்தச் சத்தத்தில் தனக்குத் தூக்கம் வந்தது என்பார்.

எந்தச் சதையை எடுத்து வைப்பார்கள்?

முதல் தேர்வு மார்புத்தசை. கையை முன்னால் தள்ளும்போது புடைக்குமே, அது. அதை விலாவிலிருந்து பிரித்து, தோள்பட்டைப் பக்கமிருந்து வரும் ரத்தக்குழாயை விட்டுவிட்டு, நடுவை நோக்கி இழுத்து இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைப்பார்கள். வெட்டி வேறு இடத்தில் ஒட்டுவதில்லை, வேரோடு நகர்த்துவது. ஃப்ளாப் என்று சொல்வது இதைத்தான்.

குழியின் அடிப்பக்கத்துக்கு மார்புத்தசை சில சமயம் எட்டாது. அப்போது வயிற்றின் முன்தசையை மேலே மடக்குவார்கள், இல்லாவிட்டால் ஓமென்டம். ஆட்டுக்கறிக் கடையில் குடலின் மேல் வலை வலையாக ஒரு கொழுப்புத் திரை பார்த்திருப்பீர்களே, நமக்கும் அது உண்டு. கிருமியை அடக்குவதில் அது கெட்டிக்காரன், எந்தக் குழிக்குள்ளும் போய் நிரம்பிக்கொள்ளும். ஆனால் அதற்காக வயிற்றையும் திறக்க வேண்டும், பின்னால் அங்கே குடலிறக்கம் வரலாம். முதுகுத் தசையைச் சுற்றிக் கொண்டுவருவதும் உண்டு.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரத்தக்குழாய் ஓடுகிறது. பைபாஸில் பெரும்பாலும் இடது பக்கத்துக் குழாயை எடுத்து இதயத்தில் இணைத்துவிடுவார்கள். வயிற்றுத் தசையை மேலே மடக்கினால் அதற்கு ரத்தம் வருவது இதே குழாயின் தொடர்ச்சியிலிருந்துதான். அதனால் எந்தப் பக்கத்துக் குழாயை ஏற்கெனவே எடுத்திருக்கிறார்கள் என்பது பிளாஸ்டிக் சர்ஜனுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். பழைய ஆபரேஷன் குறிப்பைக் கையோடு கொண்டுபோங்கள். எங்களிடம் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான் இருந்தது, ஆபரேஷன் குறிப்புக்காக அலைந்தது இரண்டு நாள்.

கட்டிக்காக எடுத்தால் என்ன வைப்பார்கள்?

அங்கே கிருமி இல்லை, இடம் சுத்தம். ஆனால் கட்டியைச் சுற்றி நல்ல பகுதியையும் சில சென்டிமீட்டர் சேர்த்து எடுப்பதால் ஓட்டை பெரிது. தழும்பும் இல்லாததால் நெஞ்சுக்கூடு ஆடும். அதனால் கெட்டியாக ஒன்று வேண்டும், அதற்கு மேல் சதை.

பழைய, இன்றும் ஓடுகிற முறை வலையும் சிமென்டும். இரண்டு பாலிப்ரொப்பிலீன் வலைக்கு நடுவில் எலும்புச் சிமென்டைப் பரப்புவார்கள். சேலத்துக்காரர்களுக்கு விளக்க ஒரே வார்த்தை போதும், தட்டுவடை செட். மேலே ஒன்று கீழே ஒன்று, நடுவில் சட்னிக்குப் பதில் சிமென்ட். அது இறுகும்போது நன்றாகச் சூடாகும் என்பதால் பல சர்ஜன்கள் வெளியே மேஜையிலேயே நெஞ்சின் வளைவுக்கு வார்த்து, ஆறவிட்டு, பிறகு கொண்டுவந்து தைக்கிறார்கள். மூட்டு மாற்று ஆபரேஷனில் பயன்படுவதும் இதே வகைச் சிமென்ட்தான்.

அப்புறம் டைட்டானியம் பட்டைகள், விலாவிலிருந்து விலாவுக்குப் பாலம் போலத் திருகி மாட்டுவது. 2015-இல் ஸ்பெயினில் சலமாங்கா மருத்துவமனையில், 54 வயதுக்காரர் ஒருவருக்கு ஸ்கேனைப் பார்த்து அவர் அளவுக்கே டைட்டானியத்தில் 3டி முறையில் அச்சடித்த நெஞ்செலும்பையும் விலாப் பகுதியையும் வைத்தார்கள். செய்து கொடுத்தது ஆஸ்திரேலியக் கம்பெனி. யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு "நமக்கும் அதையே போடச் சொல்லலாமே" என்று கேட்பவர்களுக்கு: எல்லோருக்கும் அது தேவையில்லை. ஓட்டை 5 சென்டிமீட்டருக்கு மேலா, எத்தனை விலா எலும்பு சேர்ந்து போகிறது, எந்த இடம் என்பதை வைத்துத்தான் எது என்று முடிவு செய்வார்கள்.

எலும்பு இல்லாமல் மூச்சு விட முடியுமா? நெஞ்சு உள்ளே போய்விடாதா?

முடியும். மூச்சை இழுக்கும் பெரிய வேலை உதரவிதானத்துடையது. ஆரம்பத்தில் மூச்சு இழுக்கும்போது நடு நெஞ்சு வெளியே வருவதற்குப் பதில் கொஞ்சம் உள்ளே போகும், விடும்போது மேலே வரும். பார்க்கப் பயமாக இருக்கும். சதை ஒட்டி இறுக இறுக அது குறையும். ஓட்டப்பந்தயம் ஓட முடியாது. அப்பா நாலு ரோட்டிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டு வரை நிற்காமல் நடக்கிறார், மாடிப்படி ஏறினால் மட்டும் முன்னைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்குகிறது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று, இதயத் துடிப்பு வெளியே தெரியும். அப்பா சட்டை போட்டு நாற்காலியில் சாய்ந்தால் மூன்றாவது பட்டன் மெல்லத் துடித்துக்கொண்டே இருக்கும். முதல் தடவை பார்த்துவிட்டு அம்மா சமையலறைக்குள் போய் அழுதார். இப்போது பேரன் அதை எண்ணி விளையாடுகிறான்.

எத்தனை நாள் ஆகும்? வலி எப்படி?

எங்களுக்கு மொத்தம் ஐம்பது நாள், ஆனால் இது ஆளுக்கு ஆள் மாறும். ஆன்டிபயாட்டிக் மட்டும் பொதுவாக நாலிலிருந்து ஆறு வாரம் என்கிறார்கள். ஃப்ளாப்புக்குப் பிறகு தசைக்கு அடியில் சேரும் நீரை எடுக்க டிரெயின் குழாய் இருக்கும். அதைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லிக் கெஞ்சாதீர்கள், நீர் வருவது நன்றாகக் குறைந்த பிறகுதான் எடுக்க வேண்டும். வலி எலும்பு இருந்த இடத்தில் கம்மி, இழுத்த தசையிலும் அக்குளிலும்தான் ஜாஸ்தி.

எதைத் தூக்கலாம், எதைத் தூக்கக் கூடாது?

பொதுவாகச் சொல்வது மூன்று மாதம் வரை 4, 5 கிலோவுக்கு மேல் கூடாது. கிலோ கணக்கு வீட்டில் யாருக்கும் மனதில் நிற்காது. அதனால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர்க் குடம் கூடாது, 20 லிட்டர் கேன் கூடவே கூடாது, கேஸ் சிலிண்டரைச் சாய்த்து உருட்டுவது கூட வேண்டாம். பேரனைத் தூக்குவது இல்லை, அவன் மடியில் ஏறி உட்காரலாம். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குவது, பைக்கை ஸ்டாண்டு போடுவது, ஷட்டர் இழுப்பது, சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிடுவது எதுவும் ஆகாது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கூட்டத்தில் நெஞ்சோடு நெஞ்சு முட்டித் தள்ளுமே, அந்த வருடம் டிவியில் பார்த்துக்கொள்ளலாம்.

படுக்கையிலிருந்து கையை ஊன்றி எழக் கூடாது. ஒரு பக்கம் புரண்டு, காலைத் தொங்கவிட்டு, முதுகில் ஒருவர் தாங்கி எழுப்ப வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறையில் எழும்போது கை தானாகச் சுவரைத் தேடும், ஆகையால் நாற்காலி போட்டுவிடுங்கள். இருமல் வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு இரும வேண்டும். மூச்சுப் பயிற்சிக்குத் தரும் மூன்று பந்து மெஷினில் மூச்சை இழுக்கணும், எங்கள் வீட்டில் முதல் நாள் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

தறி வேலை? விசைத்தறியைப் பார்த்துக்கொள்வது ஆறு மாதத்தில் ஆரம்பித்தார். பாவு பீம் (நூல் சுற்றிய கனமான உருளை) தூக்குவதை விட்டுவிட்டார், அதற்கு ஆள் போட்டாயிற்று.

புண் ஆறும்வரை முட்டை, மீன் கூடாதுதானே? சீழ் வைக்கும் என்கிறார்களே?

வைக்காது. இந்த ஒரு நம்பிக்கை எத்தனை புண்ணை ஆறவிடாமல் செய்கிறதோ. சதை வளரப் புரதம் வேண்டும். ரசஞ்சோறும் இட்லியுமாகக் கொடுத்தால் சுகர்தான் ஏறும். முட்டை, மீன், கோழி, பருப்பு, சுண்டல், தயிர் எல்லாம் தாராளமாக. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். சுகரைக் கட்டுக்குள் வைப்பது எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் குறைந்த மருந்தில்லை. மாம்பழ சீசனில் டிஸ்சார்ஜ் ஆனது எங்கள் விதி, வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கு ஒரு கூடை மல்கோவா. பாதியைத் தெருவுக்கே கொடுத்தோம்.

பீடி, சிகரெட் அறவே கூடாது. அது சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கி, நகர்த்தி வைத்த சதையையே சாகடிக்கும்.

பெண்களுக்கு ஏதாவது தனியாக?

மார்பின் கனம் தையலை இரண்டு பக்கமும் இழுக்கும். முன்பக்கம் கொக்கி வைத்த, நன்றாகத் தாங்கும் பிரா இரவிலும் போடச் சொல்வார்கள். கூச்சப்பட்டுத் தளர்வான நைட்டியோடு விட்டுவிடாதீர்கள். தசையை நடுவுக்கு இழுப்பதால் மார்பு இருக்கும் இடம் கொஞ்சம் மாறித் தெரியலாம். அதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

எங்கே போவது? செலவு?

சேலத்தில் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான், நெஞ்சறை சர்ஜனும் பிளாஸ்டிக் சர்ஜனும் சேர்ந்து இந்தக் கேஸைப் பார்க்கிறார்களா? ஒருவர் எடுத்துவிட்டு அப்புறம் இன்னொருவரைத் தேடுகிற இடம் வேண்டாம். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் விசாரியுங்கள். சிக்கலான கேஸ் என்றால் இங்கிருந்து கோயம்புத்தூர், வேலூர், சென்னை, ஜிப்மர் என்று போகிறார்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும், வருடத்துக்கு 5 லட்சம் வரை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் பதிய வேண்டும். உங்கள் ஆபரேஷனுக்கு எவ்வளவு ஒப்புதல் ஆகும் என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்டரில் அட்மிஷனுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

உள்ளே தகடு இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

டைட்டானியம் என்றால் பொதுவாக எடுக்கலாம். எடுப்பவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், தகட்டின் விவரச்சீட்டு தந்திருந்தால் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காடு போகலாமா? உயரத்தில் மூச்சு முட்டாதா?

ஏற்காட்டில் ஒன்றரை வருடமாகக் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் தம்பிக்காக நாங்களே டாக்டரிடம் கேட்டோம். 1,500 மீட்டர் உயரம் புண் ஆறி, நுரையீரல் நன்றாக இருப்பவருக்குப் பெரிய தொல்லை இல்லை. பிரச்சினை 20 கொண்டை ஊசி வளைவுகள்தான். ஒவ்வொன்றிலும் உடம்பு ஒரு பக்கம் சாயும், கை தானாக எதையாவது இறுக்கிப் பிடிக்கும், புதுத் தையல் இழுபடும். மூன்று மாதம் முடியட்டும், பைக் வேண்டாம், காரில் முன்சீட். சீட் பெல்ட் கண்டிப்பாகப் போட வேண்டும், நெஞ்சுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் மடித்த துண்டு. மேலே குளிர் என்பதால் ஸ்வெட்டர், இருமல் வந்துவிடக் கூடாது.

எட்டாவது மாதம் போனோம். பதினான்காவது வளைவில் அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். எனக்கு உயிரே போய்விட்டது. வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்து, "எனக்கு இந்த ரோட்டுல கல்யாணத்துக்கு முன்னாடியே வாந்தி வரும், நெஞ்சுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று மறுபடி ஏறி உட்கார்ந்தார்.